பிடுங்கிய பின்னும் போகாத வலி: தையல் தொழில் செய்யும் ஒருவரின் தாடை நோவு

பின்னணி

நோயாளி 41 வயதுப் பெண். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் மண்டூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வீட்டிலிருந்தே தையல் தொழில் செய்பவர். கணவர் இறந்துவிட்டார். உயர்தரம் படிக்கும் மகளும் வயதான தாயும் உடன் இருக்கிறார்கள். வீட்டுச் செலவு முழுவதும் அந்த ஒரு தையல் இயந்திரத்தை நம்பியே ஓடுகிறது.

வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் உள்ள எங்கள் பற்சிகிச்சைப் பிரிவுக்கு அவர் வந்தது மார்கழி மாதத்தில். பாடசாலைச் சீருடையும் பொங்கல் உடுப்பும் ஒன்றாக வந்து குவியும் காலம் அது. குருமண்வெளிப் படகுப் பாதையில் வாவியைக் கடந்து, பஸ் பிடித்து, விடிகாலையில் இலக்கத் துண்டு எடுத்துக் காத்திருப்பதென்றால் ஒரு நாள் உழைப்பு போய்விடும். ஆகவே கதிரையில் அமர்ந்ததும் நேரே விடயத்துக்கு வந்தார். வலது கீழ்த் தாடையின் இரண்டாம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட வேண்டும் என்றார்.

அதற்கு முன்னால் இருந்த முதலாம் கடைவாய்ப் பல் இரண்டு மாதங்களுக்கு முன்னரே வேறோர் இடத்தில் பிடுங்கப்பட்டிருந்தது. அதில் பழைய அடைப்பு ஒன்று இருந்ததாம். வலி அங்கேதான் என்று இவரும் உறுதியாகச் சொல்லியிருக்கிறார். அடைப்புள்ள பல், அதையே சுட்டிக்காட்டும் நோயாளி என்றால் பிடுங்கியவரின் முடிவு புரிந்துகொள்ள முடியாதது அல்ல. பிடுங்கிய பின் நாலைந்து நாள் வலி குறைந்தது. பிறகு பழையபடி திரும்பி, பக்கத்துப் பல்லில் குடியேறியது. இடையில் காது வலிக்கிறது என்று சொட்டு மருந்தும் விட்டுப் பார்த்தார். காதில் ஒன்றுமில்லை என்று அங்கேயும் சொல்லிவிட்டார்கள். வலி கூடும் நாட்களில் மருந்துக் கடையில் டைக்குளோபினாக் வாங்கிப் போட்டுக்கொண்டு தையலைத் தொடர்ந்தார்.

முதல் நாள் கண்டவை

அவர் காட்டிய பல்லில் சொத்தை இல்லை. தட்டிப் பார்த்ததில் வலி இல்லை. குளிர் பட்டதும் மற்றப் பற்களைப் போலவே கூசி, உடனே அடங்கியது. ஈறு வீக்கமோ சீழோ இல்லை. எக்ஸ்ரேயில் வேர் நுனியும் சுற்றியுள்ள எலும்பும் சீராக இருந்தன. பிடுங்குவதற்கு அந்தப் பல் ஒரு காரணமும் தரவில்லை.

பல்லை விட்டுவிட்டுப் பார்த்தபோது காட்சி வேறாக இருந்தது. மேல், கீழ் வேட்டைப் பற்களின் கூர் தேய்ந்து தட்டையாகியிருந்தது. தாடையைச் சற்று வலப்புறம் நகர்த்தச் சொன்னபோது அந்த இரண்டு தட்டைப் பரப்புகளும் பூட்டும் சாவியும் போல ஒன்றில் ஒன்று வந்து பொருந்தின. சாப்பிடும்போது யாரும் அந்த நிலைக்குத் தாடையைக் கொண்டுபோவதில்லை. நாக்கின் ஓரத்தில் பற்களின் அச்சு வரிசையாகப் பதிந்திருந்தது. கன்னத்தின் உட்புறத்தில் பற்கள் சந்திக்கும் உயரத்தில் வெள்ளைக் கோடு. மேல் முன்பல் ஒன்றின் விளிம்பில் சின்ன வெட்டு ஒன்றும் தெரிந்தது. நூலைப் பல்லால் கடித்து அறுப்பவர்களிடம் இந்த வெட்டை அடிக்கடி பார்க்கலாம்.

வாயைத் திறக்கச் சொல்லி முன்பற்களுக்கு இடையில் அளந்தபோது 27 மில்லிமீற்றர் மட்டுமே. வளர்ந்த ஒருவருக்கு 40 மில்லிமீற்றருக்கு மேல் இருக்க வேண்டும். தம் சொந்த விரல்கள் மூன்றை நிமிர்த்தி நுழைக்க முடிந்தால் போதும் என்பது கைக்கணக்கு. இவருக்கு இரண்டு விரல்களே சிரமம். ஆனால் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் மெல்ல அழுத்தி விரித்தபோது, வலியோடு 38 மில்லிமீற்றர் வரை இளகிக் கொடுத்தது. வலது மூட்டில் திறக்கும்போது ஒரு சொடுக்குச் சத்தம் கேட்டது; அந்த இடத்தில் வலி இல்லை.

அடுத்து, கன்னத்து மெல்லுதசையைத் தேடிப் பிடித்தேன். காதுக்கு முன்னால் இருந்து தாடை முனை வரை இறங்கும் இந்தத் தசை, பல்லை இறுக்கும்போது கன்னத்தில் உருண்டு எழும். வலது பக்கத்தில் அதன் நடுப்பகுதியை ஐந்து விநாடி அழுத்தி வைத்திருந்தபோது அவர் என் கையைப் பற்றிக்கொண்டு, “இதுதான் டொக்டர், இந்தப் பல்தான்” என்றார். எந்தப் பல் என்று விரலால் காட்டச் சொன்னேன். வாய்க்குள் விரலை விட்டு, முதலாம் கடைவாய்ப் பல் இருந்த வெற்றிடத்தைத் தொட்டார்.

இல்லாத பல் வலித்தது. மெல்லுதசையிலிருந்து புறப்படும் வலி கீழ்க் கடைவாய்ப் பற்களிலும் காதிலும் உணரப்படுவது நன்கு அறியப்பட்ட விடயம்தான். ஆனால் எத்தனை விளக்கம் கொடுத்தும் நம்பாத ஒருவரை, அவருடைய விரலே நம்பவைத்ததை அன்று பார்த்தேன்.

வேறு எவை இருந்திருக்கலாம்

வாய் திறக்க முடியாமல் வருபவரிடம் நம் பகுதியில் முதலில் விலக்க வேண்டியது பாக்கு. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்று வாயில் ஒதுக்கும் பழக்கம் இந்த மாவட்டத்தில் ஆண், பெண், மதம் எதையும் பார்ப்பதில்லை. பாக்கினால் கன்னத்தின் உட்தோல் வெளிறி, நார் நாராக இறுகி, வாய் மெல்ல மெல்லப் பூட்டிக்கொள்ளும் நோய் ஒன்று இருக்கிறது. அது புற்றுநோய்க்கு முன்நிலை. இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய் என்பதை நினைத்தால், வாய் திறக்காத எவரையும் தாடை மூட்டு நோவு என்று எழுதி அனுப்பிவிட முடியாது. இவரும் மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு வாய் வெற்றிலை போடுபவர். கன்னத்துக்குள் விரல் விட்டு முழுக்கத் தடவிப் பார்த்தேன். மென்மையாகவே இருந்தது, இறுகிய நார்கள் இல்லை, வெளிறல் இல்லை, நாக்கு நன்றாக வெளியே வந்தது.

மூட்டுக்குள் இருக்கும் குருத்துத் தட்டு முன்னால் விலகி மாட்டிக்கொண்டால் வாய் திடீரெனப் பூட்டும். அப்போது அழுத்தி விரித்தாலும் சுவரில் முட்டியதுபோல் நிற்கும். தாடை நோவுள்ள பக்கம் கோணும். இங்கே வாய் இளகியது, கோணவில்லை. பற்களின் பின்னணியையும் மூட்டு எலும்பையும் ஒன்றாகப் பார்க்க, முழுத் தாடையையும் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. எலும்பில் தேய்வு தெரியவில்லை. முகத்தில் மின்னல் வெட்டுவதுபோல் வந்து மறையும் நரம்பு வலியின் இயல்பு இதில் இல்லை. வயது 50-ஐத் தாண்டி, நெற்றிப்பொட்டில் புதிய தலைவலியும் மெல்லும்போது தாடைக் களைப்பும் என்று வந்திருந்தால் இரத்தக் குழாய் அழற்சியை அன்றே தேடியிருப்போம்; பார்வையையே பறிக்கக்கூடியது அது. குறட்டை, தூக்கத்தில் மூச்சுத் தடை உண்டா என்றும் கேட்டோம். இல்லை.

எஞ்சியது: பல்லை நறநறக்கும் அல்லது இறுக்கும் பழக்கத்தால் வந்த தசை வலி. கூடவே, வலியில்லாத ஒரு மூட்டுச் சொடுக்கு.

பிடுங்காமல் அனுப்பிய முடிவு

“இவ்வளவு தூரம் வந்து, பிடுங்காமலா அனுப்புகிறீர்கள்?” என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஒரு நாள் கூலியை இழந்து வந்தவருக்கு வெறுங்கையோடு திரும்புவது சிகிச்சையாகத் தெரியாது. ஆனால் இந்த நோவில் பின்னோக்கித் திருப்ப முடியாத எதையும் முதலில் செய்யக் கூடாது என்பதே என் நிலைப்பாடு. பல்லைப் பிடுங்குவதும், கடி சரியில்லை என்று நல்ல பற்களை அராவுவதும், தொப்பி போட்டுக் கடியை உயர்த்துவதும் அந்த வகை. தசை வலி பெரும்பாலும் எளிய வழிகளிலேயே தணியும். தணிந்த பிறகு, அராவிய பல்லை யாரும் திருப்பித் தர முடியாது. மூட்டுச் சொடுக்கையும் தொடுவதில்லை என்று முடிவு செய்தோம். வலியும் பூட்டலும் இல்லாத சொடுக்குக்குச் சிகிச்சை தேவையில்லை.

அன்று கொடுத்தவை: சாப்பாட்டுக்குப் பின் சில நாட்களுக்கு இபுபுரூபன், காலையும் இரவும் பத்துப் பதினைந்து நிமிடம் வெந்நீரில் பிழிந்த துவாய் ஒத்தடம், மென்மையான உணவு. கச்சான், முறுக்கு, பச்சைக் கொய்யா, நண்டுக் கால் கடிப்பது எல்லாம் சில வாரங்களுக்கு வேண்டாம் என்றோம். புட்டும் சுறா வறையும் கஞ்சியும் தயிரும் போதும். வெற்றிலை வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. தாடைக்கு ஓய்வு என்ற காரணத்தை அவர் உடனே ஏற்றுக்கொண்டார், மற்றதை அவ்வளவாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரவில் பல் நறநறக்கிறாரா என்ற கேள்விக்கு அவரிடம் விடை இல்லை. அதே அறையில் படுக்கும் மகளை அடுத்த முறை அழைத்து வரச் சொன்னோம்.

மகள் கொண்டுவந்த கொப்பி

இரண்டு வாரம் கழித்துத் தாய், மகள், பாட்டி மூவரும் வந்தார்கள். மகள் தன் கைத்தொலைபேசியில் இரவு ஒன்றில் பதிவு செய்த ஒலியைப் போட்டுக் காட்டினாள். மின்விசிறிச் சத்தத்துக்கு மேலாக, காய்ந்த மரத்தை மரத்தில் உரசுவதுபோன்ற சத்தம் சில விநாடிகள், நின்று, மறுபடியும். நோயாளி அதைக் கேட்டு வெட்கப்பட்டுச் சிரித்தார்.

பாட்டியிடம் நோய் நிர்ணயம் தயாராகவே இருந்தது. “வயிற்றில் பூச்சி, தம்பி. பூச்சி இருந்தால்தான் பல் நறநறக்கும்.” பூச்சி மருந்தும் கொடுத்து முடித்திருந்தார். குடற்புழுவுக்கும் பல் நறநறப்பதற்கும் தொடர்பு என்பது ஊர்தோறும் கேட்கும் நம்பிக்கை. பெரியவர்களின் நறநறப்பை அது விளக்குவதில்லை. மருந்தால் தீங்கொன்றும் இல்லை என்பதால் நான் வாதாடவில்லை. வாதாடியிருந்தால் அந்த வீட்டில் எனக்கு இருந்த ஒரே கூட்டாளியை இழந்திருப்பேன். துவாயை வெந்நீரில் பிழிந்து கொடுப்பவர் அவர்தான்.

சத்தம் எப்போது தொடங்கியது என்று கேட்டதற்கு மகள் சற்று யோசித்து, “அம்மாவுக்குக் குளிசையைக் கூட்டின பிறகு” என்றாள். எந்தக் குளிசை? அறை அமைதியானது. தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு மகள் பையிலிருந்து ஒரு கிளினிக் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தாள்.

உளநல கிளினிக்கின் கொப்பி. கணவரின் மறைவுக்குப் பிறகு மனச்சோர்வுக்காக ஃபுளுவொக்செற்றின் 20 மில்லிகிராம் தொடங்கப்பட்டு, ஆவணி மாதத்தில் 40 ஆக உயர்த்தப்பட்டிருந்தது. தாடை நோவு தொடங்கியது புரட்டாதியில். முதல் நாள் எங்கள் படிவம் கேட்டது சீனி, பிரஷர், ஆஸ்துமா, ஒவ்வாமை ஆகியவற்றை. எதுவும் இல்லை என்று அவர் சொன்னது பொய் அல்ல. உளநல கிளினிக்குக்குப் போவதை, பத்துப் பேர் வரிசையில் நிற்கும் அறையில் யாரும் தாமாகச் சொல்லப்போவதும் இல்லை.

இந்த வகை மனச்சோர்வு மருந்துகள் சிலரிடம் பல் இறுக்கத்தையும் நறநறப்பையும் தூண்டுவது அறியப்பட்ட பக்கவிளைவு. பெரும்பாலும் மருந்தைத் தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய சில வாரங்களுக்குள் தலைகாட்டும். கொப்பியில் இருந்த திகதிகள் அதற்கு நன்றாகப் பொருந்தின.

கொப்பி உடனடியாக மூன்று முடிவுகளை மாற்றியது. இபுபுரூபனையும் கடையில் வாங்கும் டைக்குளோபினாக்கையும் நிறுத்திப் பரசிற்றமோலுக்கு மாற்றினோம்; அந்த வலி மருந்துகளும் ஃபுளுவொக்செற்றினும் சேர்ந்தால் இரைப்பையில் இரத்தக் கசிவு ஏற்படும் ஆபத்து கூடும். நாள்பட்ட தாடைத் தசை வலிக்கு இரவில் சிறிதளவு கொடுக்கப்படும் அமிற்றிரிப்டிலீனைப் பற்றி யோசித்திருந்தோம். ஃபுளுவொக்செற்றின் அதன் அளவை உடலில் உயர்த்திவிடும் என்பதால் அந்த யோசனையைக் கைவிட்டோம்.

மூன்றாவது முடிவே முக்கியமானது: மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. தன் வலிக்குக் காரணம் இந்தக் குளிசை என்று தெரிந்த நிமிடத்திலேயே, “அப்படியென்றால் இன்றோடு விட்டுவிடுகிறேன்” என்றார் அவர். விட வேண்டாம் என்பதை அவரிடம் ஒரு முறையும், மகளிடம் தனியாக ஒரு முறையும் சொன்னேன். தாடை வலி ஆளைக் கொல்லாது. கவனிப்பாரற்ற மனச்சோர்வு கொல்லும். உளநல வைத்தியருக்குக் கண்டவற்றையும் திகதிகளையும் எழுதி, அளவை மீளப் பார்க்க முடியுமா என்று கேட்டுக் கடிதம் கொடுத்தனுப்பினேன்.

அவர் நோயாளியைப் பார்த்துவிட்டு, மனநிலை பல மாதங்களாகச் சீராக இருப்பதால் அளவை மீண்டும் 20-க்குக் குறைத்து, அடிக்கடி வரவழைத்துப் பார்ப்பதாகப் பதில் எழுதினார். எங்கள் இரண்டு பிரிவுகளுக்கும் இடையில் கடிதம் போய் வந்தது அரிதான செயல் என்பதைக் குறிப்பிடத்தான் வேண்டும்.

தையல் மேசை

மருந்து இரவை விளக்கியது. ஆனால் வலி மாலையிலேயே உச்சத்தில் இருந்தது. இரவு நறநறப்பு மட்டும் என்றால் விடியற்காலையில் கூடியிருக்க வேண்டும். பகலில் என்ன செய்கிறார் என்பதை மகள் சொன்னாள்: ஊசிகளைப் பற்களுக்கிடையில் வைத்துக்கொண்டு தைப்பது, நூலைக் கடித்து அறுப்பது, கழுத்து வளைவு தைக்கும்போது மூச்சைப் பிடித்துப் பல்லை இறுக்குவது. சாப்பிடாத, விழுங்காத நேரத்தில் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடவே கூடாது என்பது நோயாளிக்குப் புதிய செய்தி. வாய் மூடினால் பல்லும் மூடித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

உதடு மூடியிருக்க, பற்கள் விலகியிருக்க, நாக்கு நுனி மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் இளைப்பாற — இந்த நிலையைக் கண்ணாடி முன் பழக்கினோம். இயந்திரத்தின் தலையில் சிவப்புத் துணித் துண்டு ஒன்றைக் கட்டி, அதைக் காணும்போதெல்லாம் தாடையைத் தளர்த்துவது என்று ஏற்பாடு. கத்திரிக்கோலை நாடாவால் மேசையோடு கட்டியதும், ஊசி குத்தப் பஞ்சுத் திண்டு தைத்துக்கொண்டதும் அவருடைய சொந்த யோசனைகள். பல் தொட்டிருப்பதைத் தானே கண்டுபிடிக்கும் ஒவ்வொரு முறையும் துணியில் குறி போடும் சோக்கால் மேசை விளிம்பில் ஒரு கோடு இழுத்தார். முதல் வாரம் விளிம்பு முழுவதும் கோடுகள் நிறைந்து, மடித்து அடுத்த பக்கத்துக்கும் போனதாக மகள் சொன்னாள். இத்தனை நேரம் இறுக்கிக்கொண்டிருந்தது அவருக்கே தெரியாது.

வாய் திறக்கும் பயிற்சி எளிமையானது: நாக்கை மேலண்ணத்தில் வைத்தபடி, வலி தொடங்கும் எல்லை வரை மெதுவாகத் திறந்து மூடுவது; ஒரு வேளைக்கு ஆறு தடவை. கொட்டாவி வரும்போது நாடியின் கீழ் கையை முட்டுக் கொடுப்பது.

பற்கவசம்

நைட் கார்ட் என்று சொல்லப்படும் பற்கவசம் மேல் தாடைக்கு அச்செடுத்து, கடினமான அக்ரிலிக்கில், எல்லாப் பற்களையும் மூடும்படி செய்விக்கப்பட்டது. வெந்நீரில் இட்டுக் கடித்துப் பொருத்தும் மென்மையான வகை மலிவு. ஆனால் சிலர் அதை மெல்லத் தொடங்கித் தசையை இன்னும் களைப்பாக்குவதால் அதைத் தவிர்த்தோம். பற்கவசம் நறநறப்பை நிறுத்தும் என்று அவரிடம் சொல்லவில்லை. பல் தேய்வதற்குப் பதிலாக அக்ரிலிக் தேயும், தசைக்குச் சுமை குறையும், அவ்வளவுதான்.

ஒரு சிறு தடங்கல் வந்தது. கிருமி போகட்டும் என்று பாட்டி அதைக் கொதிநீரில் போட்டுவிட்டார். ஓரம் வளைந்து, மேல் பற்களில் ஏற மறுத்தது. சரிசெய்ய முடியாமல் மறுபடி அச்செடுத்தோம்.

பலன்

அளவு குறைத்து நான்கு வாரமளவில் இரவுச் சத்தம் வெகுவாகக் குறைந்ததாக மகள் சொன்னாள். இரண்டாவது பற்கவசம் அப்போதும் வந்து சேரவில்லை. ஆறாவது வாரத்தில் வாய் 36 மில்லிமீற்றர் திறந்தது; மூன்றாம் மாதத்தில் 42. பத்துக்கு எட்டு என்று அவர் சொல்லிவந்த வலி இரண்டுக்கு இறங்கியது. மருந்தா, மேசைப் பழக்கமா, எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல இந்த ஒரு நிகழ்வு போதாது. எல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்தன. என் கணிப்பில் மாலை வலியைக் குறைத்தது சோக்குக் கோடுகள்தான். கவசம் வருவதற்கு முன்பே அந்த வலி தணியத் தொடங்கிவிட்டது.

மூட்டுச் சொடுக்கு அப்படியே இருக்கிறது. பற்கவசத்தின் வலது ஓரத்தில் புதிய தேய்வுத் தடம் விழுந்திருக்கிறது. அதாவது நறநறப்பு முழுவதும் போகவில்லை. மனநிலையில் சரிவு இல்லை என்று உளநல கிளினிக் எழுதியது. அடுத்த மார்கழியில் தையல் குவிந்தபோது வலி எட்டிப் பார்த்தது. அந்த முறை அவர் வாவியைக் கடந்து வரவில்லை. ஒத்தடத்தையும் சிவப்புத் துணியையும் வைத்துச் சமாளித்ததாகப் பிறகு சொன்னார். வெற்றிலையை விட்டாரா என்றால், குறைத்திருக்கிறார்.

பிடுங்கிய பல்லின் வெற்றிடத்துக்கு மேலே இருக்கும் பல் மெல்லக் கீழிறங்கத் தொடங்கியிருந்தது. தாடை அடங்கும் வரை காத்திருந்து, கழற்றி மாட்டும் பகுதிப் பற்தொகுதி ஒன்று பொருத்தப்பட்டது.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

எங்கள் படிவத்தில் நோய்களின் பெயர்களைக் கேட்பதோடு, “எந்தக் கிளினிக் கொப்பி வைத்திருந்தாலும் காட்டுங்கள்” என்ற வரி சேர்ந்திருக்கிறது. அதை வரிசையில் கேட்பதில்லை. கதிரையில் அமர்ந்த பின் தாழ்ந்த குரலில் கேட்கிறோம்.

சொத்தையோ, தட்டும்போது வலியோ, எக்ஸ்ரேயில் மாற்றமோ இல்லாத கடைவாய்ப் பல்லைப் பிடுங்கக் கோரி வருபவருக்கு, ஊசி ஏற்றும் முன் மெல்லுதசையை அழுத்திப் பார்ப்பது இப்போது வழக்கம். ஒரு நிமிடம்கூட எடுக்காது. மரத்துப்போன பின் அந்தச் சோதனைக்குப் பொருளில்லை என்பதால் வரிசை முக்கியம்.

பகல் பழக்கத்தைப் பற்றிய கேள்வி முதல் நாளுக்கே வர வேண்டும். தையல்காரர் மட்டுமல்ல, ஆணியை வாயில் வைத்து அடிக்கும் தச்சர், வலை பின்னும்போது நூலைக் கடிப்பவர், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை என்று நம் வாசலுக்கு வருபவர்களில் பலருக்கும் அது பொருந்தும். பற்கவசத்தோடு கொடுக்கும் துண்டில் “குளிர்ந்த நீரில் கழுவவும், கொதிநீர் வேண்டாம்” என்பதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். நோயாளிக்கு வாசித்துக் காட்டியபின், வீட்டில் அதைக் கழுவப்போகிறவர் யாரென்று கேட்டு, அவருக்கும் ஒரு முறை சொல்லி அனுப்புகிறோம்.